வாசகர் கேள்வி பதில்: கிணற்றைக் கேட்டு மீன் வாங்குங்கள்

பாடசாலை விடுமுறை முடிந்த கையோடு மீன் தொட்டிகளைப் பற்றிய கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை அவை மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தையே நிறைத்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, நீண்டவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததற்காக 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினோம். அன்று மாலையே 6 தங்கமீன், 4 ஏஞ்சல், 10 நியோன் ரெற்றா, 3 ரைகர் பார்ப், 1 ஒஸ்கார் குஞ்சு ஆகியவற்றை அதில் விட்டோம். ஐந்தாம் நாள் நீர் கலங்கியது. கடைக்காரர் சொன்னபடி நீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, கற்களையும் வடிகட்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிணற்று நீரைப் புதிதாக நிரப்பினோம். அதன் பிறகுதான் மீன்கள் கூடுதலாகச் செத்தன. இன்று 9 மீன்களே மிச்சம். எங்கள் கிணற்று நீரில் நஞ்சு இருக்குமோ?
(ஒரு தாய், கொக்குவில்)

பதில்: கிணற்றின் மேல் பழியைப் போடாதீர்கள், அம்மா. நஞ்சு தொட்டிக்குள்ளேயேதான் உருவாகியிருக்கிறது.

முதலில் தொட்டியின் கொள்ளளவைப் பார்ப்போம். ஒரு கன அடி நீர் என்பது ஏறத்தாழ 28 லீற்றர். உங்கள் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 56 லீற்றருக்குச் சற்று அதிகமாகத்தான் கொள்ளும். அடியில் பரப்பிய கற்களையும் மேலே விட்ட இரண்டு அங்குல வெளியையும் கழித்தால் மீனுக்குக் கிடைப்பது சுமார் 45 லீற்றர், அதாவது கிணற்றடியில் நான்கைந்து வாளி நீர். அதற்குள் இருபத்து நான்கு உயிர்கள் உண்டு, சுவாசித்து, கழிவை வெளியேற்றின. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அது சுவாசிக்கும் பூக்களின் (செவுள்களின்) வழியாக அமோனியாவாக நீரிலேயே விடுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனும் அதே அமோனியாவைத்தான் தருகிறது. பழகிய தொட்டியில் இது பெரிய பிரச்சினை ஆவதில்லை. கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிய ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. இந்தப் பற்றீரியாக்கள் புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை வரை செல்லும். நீங்கள் அவற்றுக்கு ஐந்து நாள்தான் கொடுத்தீர்கள். ஐந்தாம் நாள், அதுவரை தேறிய சிறிதளவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வடிகானில் ஊற்றிவிட்டீர்கள். கற்களின் இடுக்குகளில் சவர்க்காரம் எஞ்சியிருந்தால் அதுவும் மீனின் பூக்களைப் புண்ணாக்கியிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு காரணமும் இதில் உண்டு. பிற நாட்டுக் கையேடுகளைப் பார்த்து மீன் வளர்ப்பவர்கள் அதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். நம்முடைய குடாநாடு சுண்ணக்கல் பாறையின் மேல் அமைந்தது. அந்தப் பாறை வெடிப்புகளுக்கூடாக ஊறி வரும் கிணற்று நீர் சுண்ணம் கரைந்த வன்னீராகவும் சற்றுக் காரத்தன்மை உடையதாகவும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற வடிவத்தால் மீனுக்கு அவ்வளவு கேடில்லை. மின்னேற்றமற்ற வடிவம் பூக்களுக்கூடாக இரத்தத்தில் புகுந்து கொல்லும். 25 பாகை செல்சியஸில், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் 7 ஆக உள்ள நீரில் மொத்த அமோனியாவின் 100 பங்கில் ஒரு பங்குகூடக் கொல்லும் வடிவில் இராது. பி.எச். 8 ஆகும்போது அது 5 பங்கைத் தாண்டிவிடும், அதாவது ஏறத்தாழப் பத்து மடங்கு. வெப்பம் கூடினால் இன்னும் ஏறும். ஆகவே ஒரே அளவு கழிவு, குளிர்நாட்டு மென்னீர்த் தொட்டியில் மீனைச் சோர்வடையச் செய்வதோடு நின்றுவிட, சித்திரை வெயிலில் கொக்குவில் கிணற்று நீரில் அதைக் கொன்றுவிடும். இங்கு தொட்டியில் நெருக்கத்தைக் குறைக்கவேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

இனி, யாரை யாரோடு குடிவைத்தீர்கள் என்பதைப் பார்ப்போம். தங்கமீன் சீனத்துக் கெண்டை இனத்திலிருந்து வந்த குளிர்நீர் மீன். 20 பாகையை அண்டிய நீரே அதற்குச் சுகம், வளர்ந்தால் அரை அடியைத் தாண்டும், உடலளவுக்கு மிஞ்சிய கழிவைத் தரும். நியோன் ரெற்றா அமேசன் காட்டு ஓடைகளின் மென்னீரில் வாழ்வது. உங்கள் கிணறு அதற்கு அந்நிய தேசம். ஏஞ்சலின் நீண்ட செட்டைகளைக் கண்டால் ரைகர் பார்ப் கொத்தாமல் விடாது, அதிலும் மூன்றாக விட்டால் அதன் குறும்பு முழுவதும் மற்ற மீன்களின் மேல்தான் பாயும். எட்டுப் பத்தாகக் கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக் காலம் போக்கும். ஒஸ்காரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இன்று இரண்டங்குலக் குஞ்சு, ஓர் ஆண்டுக்குள் எட்டு அங்குலத்தை எட்டிவிடும், இறுதியில் ஓர் அடி. வாயில் அடங்குவது எல்லாம் அதற்கு இரை. உங்கள் பத்து நியோன்களில் எத்தனைக்கு உடல் கிடைத்தது என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது செய்யவேண்டியது இது. தங்கமீன்களில் எஞ்சியவற்றையும் ஒஸ்காரையும் கடையிலோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். எஞ்சியவற்றுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை தீன் மட்டும் போதும். நாள்தோறும் நீரின் நாலில் ஒரு பங்கை எடுத்து, முதல் நாளே வாளியில் இறைத்துக் காற்றுப்பட வைத்த நீரை விடுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் கழுவுவதாக இருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஒருமுறை பிழிந்தால் போதும். அயலில் ஓராண்டாகத் தொட்டி வைத்திருப்பவர் இருந்தால் அவருடைய பழைய பஞ்சில் ஒரு துண்டை வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலை அது. ஆறு கிழமை செல்லும் வரை புதிதாக ஒரு மீனும் வேண்டாம், மகன் எவ்வளவு கேட்டாலும்.

கேள்வி: ஒரு கலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு கணக்கு உண்டு என்கிறார்களே, அதை நம்பலாமா? இல்லையென்றால் என்ன கணக்கு?
(க.பொ.த. உயர்தர மாணவர், சுன்னாகம்)

பதில்: உயிரியல் மாணவராக இருந்தால் அந்தக் கணக்கின் ஓட்டையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. நீளம் இரட்டித்தால் அகலமும் தடிப்பும் கூடவே இரட்டிப்பதால் எடை எட்டு மடங்காகிறது. பத்து ஓர் அங்குலக் கப்பிகளையும் ஒரு பத்தங்குல ஒஸ்காரையும் இந்த விதி சமமாக எண்ணுகிறது. உடல்வாகைப் புறந்தள்ளி எண்ணினால், அந்த ஒரு ஒஸ்கார் ஆயிரம் கப்பியின் எடை. தின்பதும் கழிப்பதும் நீளத்தின் வழியில் அல்லாமல் எடையின் வழியில்தான் செல்லும். சில கையேடுகளில் அமெரிக்கக் கலனும் சிலவற்றில் பிரித்தானியக் கலனும் எடுத்தாளப்படுவது வேறு குழப்பம். முதலாவது 3.8 லீற்றர், இரண்டாவது 4.5 லீற்றர்.

மூன்று அங்குலத்தைத் தாண்டாத, மெலிந்த உடலுள்ள மீன்களுக்கு மட்டும், அதுவும் வளர்ந்தபின் எட்டக்கூடிய நீளத்தை வைத்து, அந்த விதியை ஒரு தொடக்கக் கணக்காகக் கொள்ளலாம். கடைப் பையில் நீந்துவது எப்போதும் குழந்தைதான். நான் பின்பற்றுவது, அப்படி வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவது. மேலே சொன்ன காரத்தன்மையும் வெப்பமும் அதற்குக் காரணம். 20 பாகை நீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க வல்லது. 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகச் சரிந்துவிடும். சூடேறிய மீனுக்கோ ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் வீட்டில் ஆள்தொகையையாவது குறைக்க வேண்டாமா?

நீரின் மேற்பரப்பையும் மறக்கக்கூடாது. ஒட்சிசன் உட்புகுவது மேற்பரப்பின் வழியாகத்தான். ஒரே 50 லீற்றர் நீரை உயர்ந்து ஒடுங்கிய தொட்டியில் வைப்பதை விட, தாழ்ந்து அகன்ற தொட்டியில் வைத்தால் மீன்கள் சுகமாக இருக்கும். கோப்பை வடிவக் கண்ணாடிக் குடுவையைக் கழுத்துவரை நிரப்பும்போது, இருக்கும் சிறு மேற்பரப்பையும் இன்னும் சுருக்கிவிடுகிறோம். கடைகளில் அது அழகாகத்தான் இருக்கிறது. மீன் விடாமல் மணிபிளான்ற் வளர்க்க மிகவும் ஏற்றது.

உங்கள் கடிதத்தில் தொட்டியின் அளவைக் குறிப்பிடவில்லை. கொக்குவில் தொட்டியையே எடுத்துக்கொண்டால், பத்து ஆண் கப்பிகள், அல்லது ஆறு பிளட்டிகள், அல்லது மூன்று பிளட்டிகளும் நான்கு ஆண் கப்பிகளும் என்று நான் நிறுத்துவேன். வெறுமையாகத் தெரிகிறதே என்று உறவினர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

கேள்வி: ஆறு கப்பி வாங்கினேன், எட்டு மாதத்தில் நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன. நீர் பச்சை நிறமாகிவிட்டது. ஆண்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகும் குஞ்சு பொரிப்பது நிற்கவில்லை. இது எப்படி?
(இல்லத்தரசி, பருத்தித்துறை)

பதில்: கப்பி முட்டையிட்டுப் பொரிப்பதில்லை, குஞ்சாகவே ஈனும். பெண் கப்பி ஒருமுறை இணைந்தபின் ஆணின் விந்தை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, நான்கு கிழமைக்கு ஒருமுறை ஈன்றுகொண்டே இருக்கும். ஆண்களை அகற்றியபின் நீங்கள் கண்ட குஞ்சுகள் பழைய கணக்கைச் சேர்ந்தவை. புதுக் குஞ்சுகளிலும் ஆண்கள் இருக்கும், ஒன்றிரண்டு மாதத்திலேயே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே ஆண்களை மட்டும் வளர்ப்பதுதான் எளிய வழி. நிறமும் வாலின் அழகும் அவற்றுக்குத்தானே. இருபாலையும் வளர்க்க விரும்பினால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்று வைக்கவேண்டும். ஆண்கள் மிகுந்தால் பெண்களை ஓய்வில்லாமல் துரத்தி மெலியச் செய்துவிடும்.

மிகுதியை என்ன செய்வது? நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் கப்பி விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் வேண்டிய வீடுகளைச் சொல்வார். குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

நீர் பச்சையானதற்கு வெயிலும் மிகுதீனும் காரணம். யன்னலோரத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள்.

கேள்வி: எங்கள் கிணறு மழைக்காலத்தில் குடிக்கும்படி இருக்கும், ஆடி ஆவணியில் சவர்த்துவிடும். இந்த நீரில் எந்த மீனாவது வாழுமா?
(ஓய்வுபெற்ற தபாலதிபர், வேலணை)

பதில்: வாழும், ஐயா. நகரத்துக்காரர் உப்பை அளந்து போட்டுத் தயாரிக்கும் நீர் உங்களுக்குக் கிணற்றிலேயே கிடைக்கிறது. உங்கள் நீருக்கென்றே படைத்தாற்போன்ற மீன் மொலி. அது வன்னீரையும் மெல்லிய உவரையும் விரும்பும். படிப்படியாகப் பழக்கினால் கடல்நீரில்கூட வாழவல்லது. கடைகளில் நன்னீரில் வைத்து விற்கும்போது மொலிகள் ஓரிடத்தில் நின்று உடலை ஆட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மென்னீர் அவற்றுக்கு ஒத்துவராததன் அறிகுறிகளில் ஒன்று அது. மொலி நான்கு அங்குலம் வரை வளரும் என்பதால் 2 அடித் தொட்டியில் ஐந்துக்கு மேல் வேண்டாம். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய, களப்புகளிலும் கழிமுகங்களிலும் வாழும் செம்மஞ்சள் நிறச் சிறு சிக்லிட் மீன் கிடைத்தால் ஒரு சோடியை அதற்கென ஒரு தனித் தொட்டியில் வளர்க்கலாம். குஞ்சுகளைத் தாயும் தந்தையும் சேர்ந்து காக்கும் காட்சி பார்க்கத் தக்கது, ஆனால் அக்காலத்தில் வேறெந்த மீனையும் அண்டவிடா.

நியோன் முதலிய ரெற்றா இனங்களும், அடியில் மேயும் கொரிடோராஸ் இனமும் உங்களுக்கு வேண்டாம். உவரை அவை தாங்கமாட்டா. மழைக்காலம் முடிந்து நீர் சவர்க்கத் தொடங்கும்போதும் மாரி தொடங்கும்போதும் நீரை மாற்றும் அளவைப் பாதியாகக் குறைத்து, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு தடவைகளில் மாற்றுங்கள்.

கேள்வி: நியோன் ரெற்றாவில்தான் எனக்கு ஆசை. மழைநீரைச் சேர்த்து வன்தன்மையைக் குறைக்க முடியாதா? கூடவே ஏஞ்சல் இரண்டும் விடலாமா? தொட்டி 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம்.
(வங்கி ஊழியர், நல்லூர்)

பதில்: முடியும். பாதி மழைநீர், பாதி கிணற்று நீர் என்று கலந்தால் வன்தன்மை ஏறத்தாழப் பாதியாகும். முழுவதும் மழைநீராக விடக்கூடாது. அதில் கனியுப்புகள் இல்லாததால் பி.எச். நிலையாக நிற்காமல் திடீரெனச் சரிந்துவிடும். வடகீழ்ப் பருவமழை பிடித்தபின் முதல் இரண்டு மூன்று மழைகள் கூரையைக் கழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு ஓட்டுக் கூரையிலிருந்து பிடியுங்கள். தகரக் கூரையில் வழியும் நீரில் நாகம் கரைந்திருக்கக்கூடும், மீனுக்கு அது ஆகாது. மாரியில் சேர்த்த நீர் தை, மாசிக்கு அப்பாலும் போதுமா என்பதை முதலே கணக்கிடுங்கள். உங்கள் தொட்டி 190 லீற்றர் வரை கொள்ளும். கிழமைக்கு நாலில் ஒரு பங்கு மாற்றினால், ஒவ்வொரு முறையும் 24 லீற்றர் மழைநீர் வேண்டும். வைகாசியில் மழைநீர் தீர்ந்து வெறும் கிணற்று நீரை ஊற்றினீர்களானால், பழக்கிய மீனை ஒரே நாளில் வேறு நாட்டுக்கு அனுப்பியது போலாகும்.

தொட்டிக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் போய்வரும்போது பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளத் துண்டு ஆகியவற்றை அழகுக்காகப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அவை யாவும் சுண்ணமே. நீங்கள் மழைநீரால் குறைத்த வன்தன்மையை அவை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடும். ஐயமான கல்லில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏஞ்சலும் நியோனும் ஒன்றாகவா? இரண்டும் அமேசன் நீரில் வாழ்பவை என்பதால் சேரும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். நீரளவில் அது சரி, ஆனால் வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியோன் அளவெடுத்துச் செய்தாற்போன்ற கவளம். சிறு வயதில் ஒற்றுமையாக இருந்த தொட்டியில், ஏழெட்டு மாதத்தின் பின் காலையில் எண்ணும்போது ஒன்று குறையும், அடுத்த காலையில் இன்னொன்று. ஏஞ்சல் ஆறு அங்குல நீளமும் செட்டைகளோடு எட்டு அங்குல உயரமும் எட்டும் மீன் என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.

என் தெரிவைக் கேட்டால், இரண்டையும் விட்டுவிட்டு நம் நாட்டுச் செர்ரி பார்ப் மீனைச் சொல்வேன். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் படிந்த ஓடைகளில் வாழும் இதை 1929 இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல விவரித்துப் பெயரிட்டார். இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. மென்னீரை விரும்பினாலும் உங்கள் கலப்பு நீரை நியோனைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். எவர் செட்டையையும் கொத்தாது. ஆண் சிவக்கும்போது அதன் முன் நியோனின் வெளிச்சம் எடுபடாது. பண்ணையில் பெருக்கப்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். ஓடைகளிலிருந்து பிடித்துப் பிடித்தே அதன் தொகை குறைந்துவிட்டது. எட்டுப் பத்தாக விட்டு, தாவரங்களை அடர்த்தியாக நடுங்கள்.

கேள்வி: எங்கள் கிணறு தோட்டக் காணிக்குள் இருக்கிறது. கிழமைதோறும் நீர் மாற்றியும் பாசி குறையவில்லை, மீன்களும் மந்தமாக உள்ளன. மீனும் அதிகமில்லை.
(விவசாயி, கோப்பாய்)

பதில்: மீன் அதிகமில்லாத தொட்டியிலும் நெருக்கடி வரக்கூடிய இடம் இது. தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் எருவும், வீட்டு மலக்குழிக் கசிவும் நம் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் நேராக நிலத்தடி நீரைச் சேர்வதால், குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்டது. மற்றவர்கள் நீரை மாற்றி நைத்திரேற்றை வெளியேற்றுகிறார்கள். நீங்கள் நீரை மாற்றும்போது புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. மீனுக்கு முன் வீட்டுக் கைக்குழந்தைகளுக்காகவே அந்தக் கிணற்றைப் பரிசோதிப்பது நல்லது. தொட்டிக்கு, மணிபிளான்ற் கொடிகள் சிலவற்றின் வேர் மட்டும் நீரில் தொங்கும்படி விளிம்பில் செருகுங்கள், வேர்கள் நைத்திரேற்றை உறிஞ்சும். குழாய் நீர் இணைப்பு இருந்தால் அதை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துக் குளோரின் அகன்றபின் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

கேள்வி: மின்வெட்டு வந்தால் தொட்டி எத்தனை மணித்தியாலம் தாங்கும்? பைற்றர் மீனை மற்ற மீன்களோடு விடலாமா?
(ஆசிரியை, சாவகச்சேரி)

பதில்: அது தொட்டியைப் பொறுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது என்னிடம் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றில் பன்னிரண்டு பிளட்டிகள். மற்றதில், மீன் எண்ணிக்கையைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் நான், நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது தந்த மீன்களையும் சேர்த்து முப்பதுக்கு மேல் வைத்திருந்தேன். முதல் தொட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் நான்காம் மணித்தியாலமே எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரவு முழுவதும் குவளையால் நீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றியும் விடியும்போது பதினொன்றை இழந்தேன். உயிர்தப்பியவற்றில் கௌராமி மூன்றும் இருந்தன. கௌராமிக்கும் பைற்றருக்கும் மேற்பரப்பில் வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும் உறுப்பு தலைக்குள் உண்டு.

நெருக்கமான தொட்டி, மோட்டார் ஓடும்வரை நெருக்கமாகத் தெரிவதில்லை. ஒரு நாள் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, காற்றுப் பம்பியையும் வடிகட்டியையும் இரண்டு மணித்தியாலம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறினால் தொகையைக் குறைக்கவேண்டும். வராவிட்டாலும் மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரம் தீன் போடவேண்டாம்.

பைற்றரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நீண்ட வால் கப்பியையும் அது போட்டி ஆணாக எண்ணித் தாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தனியே பத்துப் பதினைந்து லீற்றர் தொட்டியில் வையுங்கள். ஜாம் போத்தலில் வைக்காதீர்கள்.

கேள்வி: பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்ற ராங்க் கிளீனர் மீன் இப்போது ஓர் அடியாகிவிட்டது. மற்ற மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது. அயலில் உள்ள குளத்தில் விட்டுவிடலாமா?
(கடை உரிமையாளர், மானிப்பாய்)

பதில்: விடக்கூடாது. தொட்டியைத் துப்புரவாக்கும் என்ற பெயரே அந்த மீனுக்கு இழைக்கப்பட்ட அநியாயம். சிறு வயதில் பாசியைச் சுரண்டித் தின்னும், வளர வளர மற்ற மீன்களுக்குப் போட்ட தீனை விரும்பும், பசியெடுத்தால் அகன்ற உடலுள்ள மந்தமான மீன்களின் வழுவழுப்பான மேற்தோலை இரவில் உறிஞ்சும். அது தரும் கழிவு, தின்னும் பாசியைவிடக் கூடுதல். ஒன்றரை அடி வரை வளரும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை வளர்த்துச் சலித்தவர்கள் நீர்நிலைகளில் கைவிட்டதால், இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் அது ஏற்கெனவே குடியேறிப் பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை இடியும், வலையில் சிக்கினால் அதன் எலும்புக் கவசமும் முட்களும் வலையைக் கிழித்துவிடும், நாட்டு மீன்களின் உணவையும் முட்டைகளையும் தின்னும். நம் குளங்கள் வெயிலில் வற்றிவிடும் என்று எண்ணவும் வேண்டாம். நீர் குறைந்தாலும் காற்றை விழுங்கிச் சில காலம் தாக்குப்பிடிக்கக்கூடியது அது.

இன்றிரவு பூசணிக்காய்த் துண்டொன்றை நூலில் கட்டித் தொட்டியின் அடியில் விடுங்கள். வயிறு நிரம்பினால் மற்ற மீன்களை அண்டுவது குறையும். அதற்கிடையில் 5 அடிக்குக் குறையாத தொட்டியோ பெரிய சீமெந்துத் தொட்டியோ உள்ளவர்களை விசாரியுங்கள், வாங்கிய கடையையும் கேளுங்கள். கொண்டுபோகும்போது வலையால் பிடிக்காதீர்கள், செட்டை முட்கள் வலைக் கண்களில் கொளுவி வலையோடு மீனும் காயப்படும். அகன்ற வாளியை நீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் ஓட்டி, ஈரச் சாக்கால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு செல்லுங்கள்.